பிள்ளை யாரிடம், செலவு யார் தலையில்?

தொண்டிப் பக்கம் மணவிலக்குப் பேச்சில் மஹர், நகை எல்லாம் முதலில் வரும், "பிள்ளைக்கு மாசம் எவ்வளவு?" கடைசியில்தான். ஷரீஅத்தில் இது தனிக் கணக்கு. சின்னப் பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் நஃபகா, அதாவது செலவு, தந்தை தலையில்.

இந்தக் கணக்கு ஒருமுறை உச்ச நீதிமன்றம் வரை போனது. பீகாரைச் சேர்ந்த நூர் சபா காத்தூனுக்கு மூன்று பிள்ளைகள்; வழக்குப் போட்டபோது வயது ஆறு, மூன்று, ஒன்றரை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆவது பிரிவில் அவருக்கு மாதம் 200 ரூபாய், பிள்ளைகளுக்குத் தலா 150 என்று உத்தரவு. கணவர் தலாக் சொல்லிவிட்டு, நிலைமை மாறிவிட்டது, உத்தரவையும் மாற்றுங்கள் என்று மனு போட்டார். ஷா பானு தீர்ப்புக்குப் பின் வந்த 1986 சட்டம், பிள்ளை பிறந்து ரெண்டு வருஷம் வரைக்கும்தானே செலவு சொல்லுது? பாட்னா உயர் நீதிமன்றமும் சரி என்றது. மூத்த ரெண்டு பேருக்கும் பைசா கிடையாது!

1997 ஜூலை 29இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரெண்டு வருஷம் என்பது கைக்குழந்தையை வளர்க்கும் தாய் தனக்காகக் கேட்பது. பிள்ளையின் உரிமை வேறு, மேஜராகும் வரை உண்டு, பெண்ணுக்குத் திருமணம் வரை.

பிரிட்டனில் இதுக்கு இஃப்-எல்ஸ் மாதிரி ஒரு விதி. வருஷத்தில் 52 இரவு பிள்ளை தந்தையிடம் தங்கினால் ஏழில் ஒரு பங்கு கழியும். 51ஆ, 52ஆ என்றே சண்டை வரும். துபாயிலிருந்து ஒரு மாச லீவில் வரும் தொண்டித் தந்தைக்கு அந்தக் கழிவு எட்டாது. இங்கே அப்படி அட்டவணை இல்லை. நிலைமை மாறியதை மாஜிஸ்திரேட் முன் நிரூபிக்கணும். 2024 ஜூலை முதல் அதற்கான பிரிவு எண் மட்டும் 127இலிருந்து 146 ஆகிவிட்டது.