ஜூலை 19 தீர்மானம்: அமெரிக்க ஒன்றியம் மூத்ததா, மாநிலங்களா?

பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனோடு போரிட்டு ஒரு நாடான வரலாறு பலரும் அறிந்தது. 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் தொடங்கி 1781 அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தது வரையிலான போர் நிகழ்ச்சிகளை இங்கே மீண்டும் அடுக்கப் போவதில்லை. முதலில் உருவானது ஒன்றியமா, மாநிலங்களா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒன்றியம் எந்த மாநிலத்தையும்விட மூத்தது என்று 1861 ஜூலையில் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் ஆபிரகாம் லிங்கன் சொன்னார். பிரிந்து போகும் மாநிலங்களைத் தடுக்க வேண்டிய நிலையில் இருந்தவர் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. வரலாற்றாசிரியர்களில் இக்கருத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர் ரிச்சர்ட் மாரிஸ். 1974இல் கொலம்பியா பல்கலைக்கழகச் சட்ட இதழில் அவர் எழுதிய கட்டுரை, கடலடி நிலத்தின் மீது மாநிலங்கள் கோரிய உரிமையை மறுப்பதற்காகவே எழுந்தது. வழக்குக்காக எழுதப்படும் வரலாற்றில் தெளிவு கூடும். விதிவிலக்குகள் ஓரத்துக்குப் போகும். மாரிஸிடம் இரண்டுமே உண்டு.

அவருடைய சான்றுகள் எளிதில் தள்ளிவிடக்கூடியவை அல்ல. 1775 ஜூன் 14 அன்று பிலடெல்பியாவில் கூடியிருந்த, குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அடங்கிய காங்கிரஸ் பொதுப்படையை அமைத்தது. மறுநாள் ஜார்ஜ் வாஷிங்டனைத் தளபதியாக்கியது. அவ்வாண்டு நவம்பரில் நியூ ஹாம்ப்ஷயருக்கும் தென் கரோலினாவுக்கும் சொந்த அரசு அமைத்துக்கொள்ள யோசனை சொன்னதும் காங்கிரஸ்தான். 1776 மே 10 அன்று அதே யோசனை எல்லாக் குடியேற்றங்களுக்கும் போனது. ஆகவே மன்னரிடமிருந்து இறையாண்மை நேரே காங்கிரசின் கைக்கு வந்தது, மாநிலங்கள் அதன் சொல்படி உருவானவை என்பது மாரிஸின் முடிவு.

யோசனை சொன்னவரே பெற்றவர் ஆகிவிட முடியாது. மே 10க்கு ஆறு நாள் முன்னரே, மே 4 அன்று, ரோட் ஐலண்டின் சட்டமன்றம் மன்னருக்கான விசுவாசத்தைத் தானாகவே விலக்கிக்கொண்டது. விடுதலைத் தீர்மானத்தைக் கொண்டுவரும்படி மே 15 அன்று தன் பிரதிநிதிகளுக்குக் கட்டளையிட்டது வர்ஜீனியாவின் மாநாடு. அதன்படியே ரிச்சர்ட் ஹென்றி லீ ஜூன் 7 அன்று தீர்மானத்தை முன்மொழிந்தார். வர்ஜீனியா தன் அரசியலமைப்பை ஜூன் 29 அன்றே நிறைவேற்றிவிட்டது. காங்கிரஸ் விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2 அன்று. இங்கே கட்டளை எந்தத் திசையில் போயிருக்கிறது என்பதை நாள்களே காட்டுகின்றன.

அந்த வாக்கெடுப்பில் பன்னிரண்டு குடியேற்றங்கள் ஆதரித்தன. நியூயார்க் வாக்களிக்கவில்லை, ஊரிலிருந்து அதன் பிரதிநிதிகளுக்கு அனுமதி வரவில்லை. விடுதலைப் பிரகடனத்தின் இரு வடிவங்களை அருகருகே வைத்தால் இந்த ஒரு விலகலின் எடை புரியும்.

ஜூலை 4 இரவு பிலடெல்பியா அச்சகர் ஜான் டன்லப் அச்சிட்ட தாளில், பொதுக் காங்கிரசில் கூடிய ஐக்கிய மாநிலங்களின் பிரதிநிதிகள் செய்யும் பிரகடனம் என்றே தலைப்பு இருக்கிறது. ‘ஒருமனதாக’ என்பது அதில் இல்லை; இருந்திருக்கவும் முடியாது. நியூயார்க்கின் மாகாண அவை ஒயிட் பிளெயின்ஸில் கூடி ஒப்புதல் தந்தது ஜூலை 9 அன்று. செய்தி காங்கிரஸ் முன் வைக்கப்பட்டது ஜூலை 15 அன்று. அதன் பிறகே, ஜூலை 19 அன்று, பிரகடனத்தைத் தோலில் திருத்தமாக எழுத வேண்டும், பதின்மூன்று ஐக்கிய மாநிலங்களின் ஒருமனதான பிரகடனம் என்று தலைப்பிட வேண்டும் எனக் காங்கிரஸ் தீர்மானித்தது. எழுதியவர் டிமத்தி மாட்லாக் என்று கருதப்படுகிறது. ஆகஸ்ட் 2 அன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டார்கள்.

இன்று வாஷிங்டனில் காட்சிக்கு இருக்கும் அந்தத் தோலின் உச்சியில் ‘ஜூலை 4, 1776’ என்றே நாள் இருக்கிறது. அதாவது நாள் ஜூலை 4, தலைப்பு ஜூலை 19, கையெழுத்து ஆகஸ்ட் 2. கையெழுத்திட்டவர்களில் பெஞ்சமின் ரஷ் உட்படப் பென்சில்வேனியாவின் ஐவர் ஜூலை 20 அன்றுதான் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். மாத்யூ தார்ன்டன் நவம்பரில் வந்து சேர்ந்தவர். தாமஸ் மக்கீனின் பெயரோ, 1777 ஜனவரியில் மேரி கேதரின் காடர்ட் பால்டிமோரில் அச்சிட்ட பட்டியலில்கூட இல்லை. 1781 வரை அவர் கையெழுத்திடவில்லை என்பாரும் உண்டு; அதற்கு உறுதியான சான்று இல்லாததால் அந்த நாளை முடிவு செய்யாமல் விடுகிறேன். தோலின் பின்புறம், கீழ் விளிம்பில் தலைகீழாக, 1776 ஜூலை 4 நாளிட்ட மூலப் பிரகடனம் என்று ஒரு குறிப்பு உள்ளது. சுருட்டி வைத்தபோது அடையாளத்துக்கு எழுதியிருக்கலாம். யார் எழுதியது, எப்போது என்பது தெரியவில்லை. அந்தக் கையும் முன்பக்கத்து நாளையே திருப்பிச் சொல்லியிருக்கிறது.

பிரகடனம் ஒரே நாளில் ஒரே அவையின் செயலாக வந்தது என்ற வாதம் இந்தத் தோலுக்கு முன் நிற்காது. ஆனால் இதே நியூயார்க் மாரிஸுக்கும் கைகொடுக்கிறது. ஒப்புதல் தந்த மறுநாளே அதன் மாகாண அவை, நியூயார்க் மாநிலப் பிரதிநிதிகளின் மாநாடு என்று பெயரை மாற்றிக்கொண்டது. காங்கிரசின் முடிவைக் கண்ட பிறகே அது மாநிலமானது. ஜூலை 9 மாலை, நியூயார்க் நகரில் வாஷிங்டனின் ஆணைப்படி படைவீரர்களுக்குப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. ஒயிட் பிளெயின்ஸின் ஒப்புதலுக்காக அந்த ஆணை காத்திருக்கவில்லை. வர்ஜீனியா ஒரு வழியில் வந்தது, நியூயார்க் வேறு வழியில் வந்தது. மாரிஸின் பிழை, பதின்மூன்றுக்கும் ஒரே வரிசையைப் பொருத்தியதுதான்.

அடுத்த சான்று மெலிந்தது. ஆனாலும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1776 ஜூலையில் மாநிலங்களை இணைக்க ஜான் டிக்கின்சன் வரைந்த கூட்டமைப்பு விதிகளில் மாநில இறையாண்மை பற்றிய விதி இல்லை. 1777இல் வட கரோலினாவின் தாமஸ் பர்க் அதைச் சேர்த்தார். மாநிலங்களுக்கு முன்பு இறையாண்மை இருந்திருந்தால் பிறகு ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்கலாம். பர்க் எழுதிய கடிதத்தின்படி பதினொரு மாநிலங்கள் ஆதரித்தன, ஒன்று எதிர்த்தது, ஒன்று பிளவுபட்டது. எதிர்த்துப் பேசியவர்களில் விடுதலைத் தீர்மானத்தை முன்மொழிந்த அதே லீயும் ஒருவர்! புதிதாக ஓர் அதிகாரத்தைக் காங்கிரசிடமிருந்து பறிப்பதாக இருந்தால், போர் நடுவே பதினொரு வாக்குகள் இவ்வளவு எளிதில் விழுந்திருக்குமா? பெரும்பாலோர் ஏற்கெனவே நம்பியதைத்தான் பர்க் எழுத்தில் வைத்தார் என்று கொள்கிறேன். வாக்கு விவரத்துக்கு அவர் கடிதத்தையே நம்ப வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேரிலாந்து மேற்கு நிலத் தகராறில் கடைசிவரை பிடிவாதம் பிடித்ததால் அவ்விதிகள் 1781 மார்ச் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. அதற்குள் போர் உலகப் போராகிவிட்டிருந்தது. பிரான்சும் பிரிட்டனும் நம் கடலூருக்கு எதிரே 1783 ஜூனில்கூடக் கடற்போர் புரிந்தன. ஐரோப்பாவில் பூர்வாங்க உடன்பாடு கையெழுத்தான செய்தி அப்போது இங்கே வந்து சேர்ந்திருக்கவில்லை.

1783 செப்டம்பர் 3 பாரிஸ் உடன்படிக்கையின் முதல் விதி, நியூ ஹாம்ப்ஷயர் முதல் ஜார்ஜியா வரை பதின்மூன்று பெயர்களையும் தனித்தனியே சொல்லி, அவற்றைச் சுதந்திரமும் இறையாண்மையும் கொண்ட மாநிலங்களாக ஏற்கிறது. பட்டியலிட்டதால் மட்டும் ஒன்றியம் இல்லை என்றாகாது. கையெழுத்திட்ட ஆடம்ஸ், பிராங்ளின், ஜே மூவரும் காங்கிரசின் தூதர்களே. ஆனால் ஒன்றியமே மாநிலங்களைப் படைத்தது என்பதற்கு 1776 ஜூலை 4ஐச் சான்றாகக் காட்டுவது செல்லாது. அந்த நாளில் நியூயார்க் இன்னும் வாக்களித்திருக்கவில்லை.