தொடக்க வட்டின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்களையும் போர்களையும் கல்வெட்டுகளையும் எண்ணுவது நம் வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சதுரப் பிளாஸ்டிக் துண்டின் வரலாறு. கடைகளில் பிளாப்பி என்றும் பாடநூல்களில் நெகிழ்வட்டு என்றும் வழங்கிய அப்பொருளை உங்களிற் பலர் கண்ணாற் கண்டிருக்கமாட்டீர்கள். கணிப்பொறித் திரையில், கோப்பைச் சேமிப்பதற்குரிய அடையாளமாக மட்டும் அதன் உருவத்தை அறிவீர்கள். அதிலும் ஒரு தனி வகையைப் பற்றியே சொல்லப்போகிறேன். லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைத் தம் கணிப்பொறியில் துவக்குவதற்காக, ஒரு காலத்து மாணவர்கள் தம் கையாலேயே ஆக்கிக்கொண்ட பூட் பிளாப்பியே அது.

பூட் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் திண்டுக்கல் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குப் பூட்டு நினைவுக்கு வருவது இயல்பே. எங்கள் ஊர்ப் பூட்டின் புகழ் அத்தகையது. ஆயினும் இங்கே அது பூட்டு அன்று, சாவி. ஒருவன் தன் காலணியின் வாரைத் தானே பற்றித் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்வதாக ஆங்கிலேயரிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. அதிலிருந்து பிறந்த சொல் இது. மின்சாரம் பாய்ந்த கணத்தில் கணிப்பொறியின் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. வேலை செய்யவேண்டிய நிரல் வட்டில் இருக்கிறது. வட்டிலிருந்து நிரலை எடுத்துவருவதற்கும் ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை யார் எடுத்துவருவது? இந்தப் புதிருக்கு விடை காணும் முயற்சியிலேதான் நெகிழ்வட்டே பிறந்தது.

ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் 370 வரிசைப் பெருங்கணிப்பொறிகளுக்கு அமைத்த புதுவகை நினைவகம், மின்சாரம் நின்றால் தன் பாடம் அனைத்தையும் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதற்குப் பாடத்தைத் திரும்ப ஊட்டுவதற்கு மலிவான ஒரு கருவி வேண்டியிருந்தது. 1967 ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சியின் பயனாக, 1971 இல் 8 அங்குல அகலமுள்ள வட்டு வெளிவந்தது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 80 கிலோபைட்டுகள். கணிப்பொறியை எழுப்புவதே அதன் தொழில். கடிதங்களையும் கணக்குகளையும் அதில் எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் பின்னர் வந்ததே. ஆகவே பூட் பிளாப்பியை நெகிழ்வட்டு இனத்தின் மூத்த பிள்ளை எனலாம்.

காலப்போக்கில் வட்டு 5¼ அங்குலமாகிப் பின் 3½ அங்குலமாகச் சுருங்கியது. நம் நாட்டில் மிகுதியாகப் புழங்கிய 3½ அங்குல வட்டின் கணக்கைச் சற்றுப் போட்டுப் பாருங்கள். பக்கங்கள் 2, பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 கூறுகள், கூறுக்கு 512 பைட்டுகள். பெருக்கினால் 14,74,560 பைட்டுகள் வரும். இதனை 1.44 மெகாபைட் என்று உறையில் அச்சிட்டனர். 1000 ஆல் இருமுறை வகுத்தாலும் 1.44 வாராது, 1024 ஆல் இருமுறை வகுத்தாலும் வாராது. ஒருமுறை 1024 ஆலும் மறுமுறை 1000 ஆலும் வகுத்தால்தான் வரும்! கணக்குப் பாடத்தில் ஒரு மாணவன் இவ்வாறு அலகுகளைக் கலந்திருந்தால் நான் மதிப்பெண் குறைத்திருப்பேன். உலகமோ அதனை ஏற்றுக்கொண்டது.

இந்த 2,880 கூறுகளுள் முதற்கூறே முக்கியமானது. கணிப்பொறியில் நிலையாகப் பதிந்துள்ள பயாஸ் என்னும் சிறு நிரல், பிளாப்பியின் முதல் 512 பைட்டுகளை மட்டும் நினைவகத்தில் ஏற்றும். அக்கூறின் கடைசி இரு பைட்டுகள் 55, ஏஏ என்ற பதினாறடிமான எண்களாக அமைவது முத்திரை. அதன்பின் அந்தச் சிறு பகுதி அடுத்த பகுதியை ஏற்றும். அஃது அதற்கடுத்ததை ஏற்றும். ஒரு சிறு திரியிலிருந்து பெருவிளக்கு எரிவது போன்றது இம்முறை. லிலோ என்ற துவக்க நிரல், ஒவ்வொரு படியைக் கடக்கும்போதும் தன் பெயரின் ஓர் எழுத்தைத் திரையில் காட்டும். எல், ஐ என்ற இரண்டோடு நின்றுவிட்டால், இரண்டாம் படி ஏறிவிட்டது, ஆனால் இயங்கவில்லை என்பது பொருள். நோயாளி தன் நோயைத் தானே சொல்வதற்கு ஒப்பாகும் இது.

இனி லினக்ஸுக்கு வருவோம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற 21 வயது இளைஞர் லினஸ் தோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டு 25 ஆம் நாள் தம் முயற்சியை உலகுக்கு அறிவித்தார். தொடக்கத்தில் அதனை நிறுவுவதற்கு மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் முன்னமே கணிப்பொறியில் இருக்கவேண்டும். வீடு கட்டக் குடிவருபவன் முதலில் வேறொரு வீடு வைத்திருக்கவேண்டும் என்பது போன்ற நிலை அது. 1992 இல் ஹெச். ஜே. லூ என்பவர் பூட் வட்டு, ரூட் வட்டு என இரண்டு வட்டுகளை ஆக்கி வழங்கினார். முதல் வட்டில் கருநிரல். இரண்டாவதில் அடிப்படைக் கருவிகள். இவ்விரண்டும் கையில் இருந்தால் வேறு துணையின்றி லினக்ஸை எழுப்பிவிடலாம். 1993 ஜூலையில் பாட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் 24 வட்டுகளாக வந்தது. அடுத்த ஆண்டு அக்டோபருக்குள் அது 73 வட்டுகளாக வளர்ந்துவிட்டது. 73 வட்டுகளில் ஒன்று பழுதானாலும் நிறுவுதல் நடுவழியில் நின்றுபோகும் என்பதை எண்ணிப்பாருங்கள்.

இவற்றோடு உரிமம் பற்றிய செய்தியும் சேர்ந்தது. தம் நிரலைப் படியெடுத்துத் தருவதற்கு எவரும் பணம் பெறலாகாது என்றே தோர்வால்ட்ஸ் முதலில் விதித்திருந்தார். வட்டுக்கும் உழைப்புக்கும் ஆகும் செலவைப் பெறுவதும் இவ்விதியால் தடைப்பட்டது. 1992 தொடக்கத்தில் அவர் அதனை விடுத்து, ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த குனு பொது உரிமத்தை மேற்கொண்டார். யாரும் பயன்படுத்தலாம், மூலத்தைப் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் பெற்ற உரிமையைப் பிறர்க்கும் அவ்வாறே தரவேண்டும். இந்த மாற்றம் நிகழாதிருந்தால், லினக்ஸ் நம் நாட்டுச் சிற்றூர்களை வந்து சேர்ந்த வழி அடைபட்டே இருந்திருக்கும் என்பது என் கருத்து.

அவ்வழி எது என்று கேட்பீர்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்டு 15 ஆம் நாள் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரே ஒரு பிளாப்பியின் உள்ளடக்கம் வந்து சேர 20 நிமிடங்களுக்கு மேலாகும். 73 வட்டுகளுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் போதா. இந்நிலையில் பி.சி. குவெஸ்ட் என்ற மாத இதழ், 1996 முதல் லினக்ஸைக் குறுந்தகட்டில் பதித்து இதழோடு வழங்கலாயிற்று. அம்முயற்சியில் முன்னின்றவர் பெங்களூரில் வாழ்ந்த அதுல் சிட்னிஸ். 2013 இல் அவர் மறைந்தார். எங்கள் வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா, 1959 இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, புத்தகங்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்றவர். இதழ் என்பது ஒரு வண்டி. அதில் எதை ஏற்றுகிறோம் என்பதே செய்தி என்று நான் எண்ணுவதுண்டு.

குறுந்தகடு வந்துவிட்டதே, பிளாப்பி எதற்கு என்ற ஐயம் எழலாம். குறுந்தகட்டிலிருந்து நேராகத் துவங்கும் முறை 1995 ஆம் ஆண்டளவில்தான் வகுக்கப்பட்டது. அதற்கு முன் விற்ற கணிப்பொறிகள் அம்முறையை அறியா. புதையல் தகட்டில் இருந்தது. சாவியை நாமே வார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது.

வார்க்கும் முறையிலேயே முதற்பாடம் இருந்தது. தகட்டில் உள்ள படிமக் கோப்பை, வழக்கமான காப்பி கட்டளையால் பிளாப்பிக்கு மாற்றினால் அது துவங்காது. கோப்பு என்ற பொதிக்குள் அது கட்டுண்டு கிடக்குமேயன்றி, முதற்கூறில் முதற்பைட்டாக அமையாது. ராரைட் என்ற சிறு நிரலைக் கொண்டு, முதற்கூறிலிருந்து வரிசை பிறழாமல் ஒவ்வொரு கூறாக எழுதவேண்டும். ஏடு பெயர்த்தெழுதியோர் காலத்தில் ஓரெழுத்துப் பிழைத்தால் பாடபேதம் ஆயிற்று. உ. வே. சாமிநாதையர் போன்றோர் பல ஏடுகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடம் கண்டனர். கருநிரல் பதிந்த கூறு ஒன்று பழுதானால், ஒப்புநோக்கவும் இடமின்றி வட்டு ஊமையாகிவிடும்.

மேலும், எல்லாக் கருவிகளுக்கும் உரிய இயக்கிகள் 1.44 மெகாபைட்டுக்குள் அடங்கா. ஆகவே ஐ.டி.இ. வகை வன்வட்டுக்கு ஒரு படிமம், ஸ்கசி வகைக்கு வேறொன்று, ஒலி அட்டையோடு இணைந்த பழைய தகட்டு ஓட்டிகளுக்கு மற்றொன்று எனப் பல இருந்தன. தன் பெட்டியினுள் என்ன இருக்கிறது என்று அறியாதவன் எதைத் தேர்வது? திருகாணியைக் கழற்றி உள்ளே பார்த்தே தீரவேண்டும். இடக்குறைவு இவ்வாறு ஆசிரியர் வேலை செய்தது.

1990களின் இறுதியில், திண்டுக்கல்லில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் இதனை நேரில் கண்டேன். என் பழைய மாணவன் ஒருவன், அப்போது பாலிடெக்னிக்கில் பயின்றுகொண்டிருந்தவன், மூன்றாவது பிளாப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். முதல் இரண்டும் எங்கள் பக்கத்துப் புழுதிக்கு இரையானவை. வட்டு கறகறவென்று சுழன்றது. திரையில் வரிகள் ஓடின. ரூட் வட்டைச் செருகி என்டர் விசையை அழுத்துமாறு கணிப்பொறி கேட்டது. அவன் முகம் மலர்ந்ததைச் சொல்லவும் வேண்டுமோ! பிறகு என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கும் ஒன்று எழுதித் தரட்டுமா? இது திருட்டு இல்லை சார்" என்றான். அக்காலத்தில் பயிற்சி நிலையங்களில் கைமாறிய மென்பொருள்களிற் பெரும்பாலானவை விலை கொடாமல் படியெடுத்தவை. அதனை அறிந்தும் பேசாதிருந்தோம். விலைக்கு வாங்கும் வசதி யாருக்கு இருந்தது? கூசாமல் பிறர்க்குக் கொடுக்கக்கூடிய ஒரு வட்டு அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது. அந்த வேறுபாட்டை அவனுக்கு எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை.

1998 சனவரி முதல் சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவினர் இயங்கிவருகின்றனர். 2007 இல் சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் பாஸ் லினக்ஸை வெளியிட்டனர். 2011 இல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. அவற்றில் பிளாப்பி செருகும் வாயில் இல்லை.

வட்டின் மறைவு மெல்ல நிகழ்ந்தது. குறுந்தகட்டிலிருந்து துவங்கும் முறை வந்தபோதும், தகட்டினுள் ஒரு பிளாப்பியின் படிமத்தை வைத்து, அதையே பிளாப்பியாகக் கணிப்பொறிக்குக் காட்டும் உத்தி கையாளப்பட்டது. 2003 இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 2.6 இல், கருநிரல் பிளாப்பியிலிருந்து தானே நேராகத் துவங்கும் பகுதி நீக்கப்பட்டது. 2011 இல் சோனி நிறுவனம் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது. 2019 இல் தோர்வால்ட்ஸ், லினக்ஸின் பிளாப்பி இயக்கியைப் பராமரிப்பார் அற்றது என்று குறித்துவைத்தார்.

இன்று பென் டிரைவில் லினக்ஸை எழுதும் மாணவன், கோப்பாக மாற்றாமல் படிமத்தை முதற்கூறிலிருந்தே எழுதுகிறான். அப்படிமங்கள் பலவற்றின் முதல் 512 பைட்டுகளைத் திறந்து பார்த்தால், பழைய கணிப்பொறிகளுக்கென்று, கடைசி இரு பைட்டுகளில் 55, ஏஏ என்ற அதே முத்திரை இருக்கக் காணலாம்.