கிறிஸ்தவ லாரி ஓட்டுநர் பேரணி: லாரிகள் அணிவகுக்கும் குடும்ப நாள் என்றால் என்ன? நாவலூரில் நடத்த முடியுமா?

கழுவித் துடைத்து, ரிப்பனும் கொடியும் கட்டிய லாரிகள் மைதானத்தில் வரிசையாக நிற்கும். பாதிரியார் ஜெபம் செய்து முடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பும். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் அன்றைக்கு கிளீனர் இருக்க மாட்டார். மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்கா, பிரேசில் போன்ற நாடுகளில் லாரி ஓட்டுநர்களுக்காக நடக்கும் கிறிஸ்தவ நிகழ்ச்சிகளின் தோற்றம் ஏறக்குறைய இதுதான்.

தண்ணீர் டேங்கரும் ஜல்லி லாரியும் ஓயாமல் ஓடும் ஓ.எம்.ஆர். பக்கம், நாவலூர் மாதிரி ஒரு இடத்தில் இதை நடத்த முடியுமா? சட்டம் என்ன சொல்லுது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

லாரிக்கும் கிறிஸ்தவத்துக்கும் என்ன சம்பந்தம்?

புனித கிறிஸ்டோபர்தான் அந்த இணைப்பு. ஆற்றைக் கடக்க முடியாதவர்களைத் தோளில் சுமந்து அக்கரை சேர்த்தவர் அவர் என்பது மரபுக் கதை. ஒருநாள் அவர் சுமந்த குழந்தையின் பாரம் நடு ஆற்றில் தாங்க முடியாததாக மாறியது. அந்தக் குழந்தை கிறிஸ்துதான் என்கிறது கதை. கிறிஸ்டோபர் என்ற பெயருக்கே 'கிறிஸ்துவைச் சுமப்பவர்' என்றுதான் பொருள். பாரம் சுமந்து கரை சேர்ப்பவர் என்பதால் பயணிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் அவர் பாதுகாவலர் ஆனார்.

'1969-ல் வாடிகன் அவரைப் புனிதர் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது' என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. உலகம் முழுவதற்குமான பொது நாள்காட்டியிலிருந்துதான் அவர் விழா எடுக்கப்பட்டது. அந்தந்த ஊர்களில் கொண்டாட எந்தத் தடையும் இல்லை. ஜூலை 25-ஐ பிரேசிலில் ஓட்டுநர் நாளாகவே கொண்டாடுகிறார்கள். அன்று பல ஊர்களில் லாரிகளின் ஊர்வலமும் வாகன மந்திரிப்பும் நடக்கும்.

வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

1951-ல் கனடாவில் தொடங்கிய 'டிரான்ஸ்போர்ட் ஃபார் கிரைஸ்ட்' என்ற அமைப்பு பின்னர் அமெரிக்காவிலும் பரவியது. லாரிகள் நிற்கும் இடங்களில் டிரெய்லரையே சிற்றாலயமாக மாற்றி நிறுத்துவது இவர்களின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமையும் ரோட்டிலேயே இருப்பவர் ஊர் தேவாலயத்துக்குப் போக முடியாது. அதனால் ஆலயம் அவரைத் தேடி வருகிறது.

ஜெர்மனியில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே தேவாலயங்கள் உண்டு. முதலாவது 1958-ல் ஆக்ஸ்பர்க் அருகே அடெல்ஸ்ரீட் என்ற ஊரில் திறக்கப்பட்டது. இன்று இப்படி 40-க்கும் மேல் இருக்கின்றன.

ஆஸ்திரியாவில் 'மிவா' என்ற கத்தோலிக்க அமைப்பு கிறிஸ்டோபர் விழாவையொட்டி ஓட்டுநர்களிடம் ஒரு காணிக்கை கேட்கிறது. விபத்தில்லாமல் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 10,000 கிலோமீட்டருக்கு 10 யூரோ. அந்தப் பணத்தில் ஏழை நாடுகளின் திருச்சபைப் பணிகளுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கிறார்கள்.

மதம் சாராத அணிவகுப்புகளும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், நோயுற்ற ஒரு சிறுவன் பெரிய லாரியில் ஏறிப் போக ஆசைப்பட்டான். அதற்காக 1990-ல் சுமார் 40 லாரிகள் திரண்டன. அதுவே அன்னையர் தினத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அணிவகுப்பாக வளர்ந்தது.

குடும்ப நாள் எதற்கு?

வடமாநில லோடு ஏற்றிய ஓட்டுநர் வீடு திரும்பப் பல நாட்கள் ஆகும். பிள்ளையின் பிறந்தநாள், பள்ளிக்கூட விழா, வீட்டு விசேஷம் எல்லாம் அவருக்கு செல்போன் வழியாகத்தான். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனா, எங்கே தூங்குகிறார், எங்கே குளிக்கிறார் என்று தெரியாது. கேபினில் ஏறி உட்கார்ந்து, அந்த ஸ்டியரிங்கின் அகலத்தையும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுகிய படுக்கையையும் பார்க்கும்போதுதான் புரியும். பேரணியின் மையம் அணிவகுப்பு அல்ல; வேலை பிரித்து வைத்த குடும்பம் அந்த வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு நாள் சேர்ந்திருப்பதுதான்.

நம்ம ஊரில் என்ன இருக்கு?

வண்டிக்கு மரியாதை செய்வதில் தமிழ்நாடு யாருக்கும் குறைந்ததல்ல. ஆயுத பூஜைக்கு வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது ஊரறிந்த வழக்கம். சென்னை பல்லவன் சாலையில் உள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் புது வண்டிகள் பூஜைக்கு வந்து நிற்கும். வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களில் பாதிரியார் புனித நீர் தெளித்து வண்டியை மந்திரித்துக் கொடுப்பார். பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றையும் ஒரே கண்ணாடியில் ஒட்டிய லாரிகளும் உண்டு.

எல்லாமே வண்டிக்கு. அதை ஓட்டுபவருக்கும் அவர் குடும்பத்துக்கும் என்று தனியாக ஒரு நாள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மந்திரித்தால் மட்டும் போதுமா?

போதாது என்று திருச்சபையே சொல்கிறது. 2007 ஜூனில் வாடிகன் சாலைப் பயணத்துக்கான மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. 'ஓட்டுநர்களுக்கான பத்துக் கட்டளைகள்' என்று அது செய்திகளில் பேசப்பட்டது. கொலை செய்யாதே என்பதுதான் முதல் கட்டளை. வண்டியை அதிகாரம் காட்டும் கருவியாக்கக் கூடாது, ஓட்டும் நிலையில் இல்லாதவரை ஓட்ட விடக் கூடாது, விபத்தில் சிக்கியவருக்கு உதவ வேண்டும், ரோட்டில் பலவீனமானவரைப் பாதுகாக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்குத்தான்: 64,105. லாரி ஓட்டுநருக்குத் தூக்கம் கிடைத்ததா என்பது அவர் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை, எதிரே வருபவரின் உயிர்ப் பிரச்சினையும்கூட.

ஓய்வு பற்றி சட்டம் என்ன சொல்கிறது?

1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை வரம்பு வைத்தது. தொலைதூர ஓட்டத்துக்கு அதிகபட்சம் 10 மணி நேரம், வாரத்துக்கு 54. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும், வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்றும் சொன்னது. 2020-ல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இது இணைக்கப்பட்டது.

ஆனா, 1961 சட்டம் 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒன்றிரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளியிடம் டிரிப் கணக்கில் ஓட்டுபவருக்கு, ஓய்வு எடுத்தால் பேட்டா குறையும். அங்கே சட்டம் எட்டுவது கஷ்டம்.

சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்குகளில் 'அப்னா கர்' என்ற பெயரில் படுக்கை, கழிப்பறை வசதியுடன் ஓட்டுநர் ஓய்விடங்கள் திறக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தனி நல வாரியம் உண்டு. அதில் பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வி, திருமணம், விபத்து மரணம் போன்றவற்றுக்கு உதவித்தொகை கிடைக்கும்.

சரி, நாவலூரில் நடத்த முடியுமா?

முடியும். ஆனா அமெரிக்காவில் செய்வதை அப்படியே செய்ய முடியாது.

முதலில் அனுமதி. நாவலூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தாலும் காவல் எல்லை தாம்பரம் மாநகர காவல் ஆணையரகம். ஊர்வலம், ஒலிபெருக்கி இரண்டுக்கும் முன்கூட்டியே அங்கே அனுமதி வாங்க வேண்டும். மாதவரம் - சிறுசேரி மெட்ரோ பாதை ஓ.எம்.ஆர். வழியாக வருவதால் நீண்ட அணிவகுப்புக்கு ரோட்டில் இடம் கிடைப்பதும் லேசு இல்லை.

இரண்டாவது, இதைவிட முக்கியம். சரக்கு வாகனத்தில் குடும்பத்தை ஏற்றி ரோட்டில் ஓட்டுவது இங்கே ஆபத்தான விஷயம். அது பயணிகள் வாகனம் இல்லை. சரக்கு லாரியில் சும்மா ஏறி வருபவர்களுக்குக் கட்டாய மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002 டிசம்பரில், ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளை லோடு ஏற்றும் இடத்தில் நிறுத்தி ஊர்வலம் போவது பற்றி நினைக்கவே கூடாது.

அப்போ என்ன வழி? பெரிய மைதானத்தில் லாரிகளை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு பிள்ளைகளை கேபினில் ஏற்றிக் காட்டலாம். அணிவகுப்பில் ஓட்டுநர் மட்டும் போக, குடும்பத்தினர் பின்னால் பஸ்ஸில் வரலாம். ஜெபத்தோடு கண் பரிசோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை, நல வாரியப் பதிவு முகாம் எல்லாம் சேரலாம். நடத்துவது சர்ச்சாக இருந்தாலும், லாரி உரிமையாளர் சங்கமாக இருந்தாலும் வரிசையில் எல்லா மதத்து ஓட்டுநரும் நிற்கலாம்.

முக்கியமாக, அந்த ஒரு நாளுக்கு ஓட்டுநருக்குப் பேட்டா பிடிக்காமல் லீவு கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் லாரி வரும், அலங்காரம் வரும், ஓட்டுநரின் குடும்பம் வராது.