மூலநாடியும் காங்கிரஸ் புல்லும்: ஒவ்வாமை வரலாற்றில் பெங்களூருக்கு உரிய இடம்

லிங்கராஜபுரத்தின் காலி மனைகளிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் மழைக்குப் பின் இடுப்பளவு எழும் வெள்ளைப் பூச்செடியைக் கன்னடத்தில் காங்கிரஸ் களெ என்பர். தமிழில் காங்கிரஸ் புல். உண்மையில் அது புல்லே அன்று. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பார்த்தீனியம் ஹிஸ்டெரோஃபோரஸ் என்னும் செடி. அமெரிக்கக் கோதுமையோடு கப்பலில் வந்து இறங்கியது என்பது பரவலான வழக்கு. ஆனால் 1814 இல் வெளியான ராக்ஸ்பரோவின் கல்கத்தாத் தோட்டப் பட்டியலிலேயே இப்பெயர் உள்ளது. களையாகப் பரவியது 1950களின் நடுவில் புணேயில் கவனிக்கப்பட்டது. கோதுமை பரப்பியிருக்கலாம், அறிமுகப்படுத்தியது அதுவே என்று கூறுவதற்கில்லை.

இச்செடியின் மகரந்தத்தைப் பற்றி எழுதுமுன் ஓர் உயிரணுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனை 'பேசோஃபில்' என ஒலிபெயர்க்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'மூலநாடி' என்கின்றன. வேதியியலில் நாம் காரம் என்பதை அவர்கள் மூலம் என்பர். கார இயல்புள்ள சாயத்தை நாடுவது மூலநாடி. இங்கு நாடி என்பது கைநாடி அன்று, 'நாடு' என்னும் வினையடிப் பிறந்த பெயர். கிரேக்கச் சொல்லின் பொருளை இத்துணைச் சுருக்கமாகத் தமிழில் இறக்கிய ஆக்கம் பிறிதொன்று எனக்குத் தெரியாது. ஆகவே இப்பதிவில் அதனையே ஆள்கிறேன்.

பால் ஏர்லிக் மாணவராக இருந்தபோதே அனிலின் சாயங்களைத் திசுக்களின்மீது சோதித்தார். 1878 ஆம் ஆண்டு லைப்சிக் ஆய்வேட்டில், துகள்கள் நிரம்பிய திசு உயிரணுக்களுக்கு 'மாஸ்ட் செல்' எனப் பெயரிட்டார். தீனியூட்டிக் கொழுக்க வைத்தலைக் குறிக்கும் ஜெர்மன் சொல் அது. அவை மிகை உணவால் பருத்தவை என அவர் கருதினார். கருத்து பிழை, பெயர் நிலைத்துவிட்டது. மறு ஆண்டு இரத்தத்தில் அதே போன்ற துகள்களுடைய வெள்ளணுவைக் கண்டார். அதுவே மூலநாடி. நூறு வெள்ளணுக்களில் ஒன்றுகூடத் தேறாத சிறுபான்மை. இதனாலேயே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அது சாயம் ஏற்கும் ஒரு விந்தையாக மட்டுமே எஞ்சியது.

இதற்கிடையே ஒவ்வாமை தனிவழியில் வளர்ந்தது. 1906 இல் ஃபான் பிர்கே 'அலர்ஜி' என்னும் சொல்லைப் படைத்தார். 1921 இல் பிரௌஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாத குஸ்ட்னரின் இரத்தநீரைத் தம் தோலில் செலுத்திக்கொண்டு, மறுநாள் அவ்விடத்தில் மீன்சாற்றைச் செலுத்தினார்; தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையைச் சுமந்து செல்லும் ஏதோவொரு பொருள் இரத்தநீரில் உண்டு என்பது தெளிவாயிற்று. அது யாது என்பதை அறிய 45 ஆண்டுகள் ஆயின. 1966 இல் டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா இணையர் அதனை இனங்கண்டனர். உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் வேறு வழியில் அதே புரதத்தை அடைந்தனர். 1968 இல் அது இம்யூனோகுளோபுலின் ஈ எனப் பெயர்பெற்றது.

டென்வரில் பயன்பட்டது ராக்வீட் என்னும் அமெரிக்கக் களையின் மகரந்தம் ஒவ்வாதோரின் இரத்தநீர். 1964 இல் லிக்டென்ஸ்டைனும் ஆஸ்லரும் மனித வெள்ளணுக்களிலிருந்து ஹிஸ்டமின் வெளிப்படுவதைக் காட்டியதும் ராக்வீட் மகரந்தத்தைக் கொண்டே. அவ்வெள்ளணு மூலநாடியே என்பது 1972 இல் உறுதியாயிற்று. அதன் மேற்பரப்பில் ஈ வகை எதிர்ப்பொருள் இறுகப் பற்றியிருக்கும். மகரந்தப் புரதம் வந்து அருகருகே உள்ள இரண்டைப் பிணைத்தால் நிமிடங்களில் ஹிஸ்டமின் வெளியேறும். எனினும் முதல் தும்மலுக்குப் பெரும்பொறுப்பு மூக்கின் திசுவில் முன்னரே குடியிருக்கும் மாஸ்ட் செல்லுடையது. மூலநாடி சில மணிநேரம் கழித்தே வந்து சேர்கிறது. 1985 ஆம் ஆண்டு ஆய்வொன்று இதனை அழகாகக் காட்டியது: பிந்தைய கட்ட மூக்குநீரில் ஹிஸ்டமின் இருந்தது, மாஸ்ட் செல் மட்டுமே மிகுதியாக உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் டி2 இல்லை.

இனி பெங்களூர். இந்தியாவில் பார்த்தீனியம் முதலில் தோல்நோயாகவே பேசப்பட்டது. புணே நோயாளிகளைப் பற்றிய 1974 ஆம் ஆண்டுக் கட்டுரையும் தொடுதோல் அழற்சியைப் பற்றியதே. பார்த்தெனின் என்னும் சிறு மூலக்கூறும் டி அணுக்களும் நிகழ்த்தும் அந்நோயில் ஈ வகை எதிர்ப்பொருளுக்கு முதன்மைப் பங்கில்லை. தோலின் புண் கண்ணுக்குத் தெரிந்தது. மூக்கின் நோயோ 'தூசு', 'சளி' எனக் கழிக்கப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் பி. வி. சுப்பாராவ், பி. ஸ்ரீராமராவ் குழுவினர் 1991 இல் வெளியிட்ட ஆய்வு இதனை மாற்றியது. ஆய்வுக்குட்பட்ட பெங்களூர் மக்களில் 7 விழுக்காட்டினர் பார்த்தீனிய மகரந்தத்தால் மூக்கழற்சி உற்றிருந்தனர். 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரின் உடல் அதற்கு உணர்வூட்டம் பெற்றிருந்தது. ஒரு நகரின் வீதியோரக் களைக்கு இந்த எண்கள் சிறியவை அல்ல.

எனக்கு இதனினும் முக்கியமாகத் தோன்றுவது 1993 இல் அவ்விருவரும் காட்டியது. ராக்வீட்டும் பார்த்தீனியமும் நெருங்கிய உறவினச் செடிகள். ராக்வீட்டையே கண்டிராத இந்திய நோயாளிகளின் எதிர்ப்பொருள் அதன் மகரந்தத்தைப் பற்றிக்கொண்டது. பார்த்தீனியத்தை அறியாத அமெரிக்க நோயாளிகளிடம் இதன் மறுதலை நிகழ்ந்தது. டென்வரிலும் பால்டிமோரிலும் தொடங்கிய கதையின் நேரடித் தொடர்ச்சி இது. ஆயினும் நான் படித்த நோயெதிர்ப்பியல் வரலாறுகள் எதிலும் பெங்களூர் இடம்பெறவில்லை.

மூலநாடியின் இயற்கைப் பணி ஒவ்வாமை அன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1982 இல் கினிப்பன்றிகளின் மூலநாடிகளை அழித்தபோது உண்ணிகளுக்கு எதிரான அவற்றின் காப்பு குலைந்தது. 2010 இல் எலிகளிலும் அவ்வாறே கண்டனர். ஒட்டுண்ணிக்காக அமைந்த படை மகரந்தத்தின்மீது ஏவப்படுகிறது.

களையை ஒழிக்க மெக்சிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட சைகோகிராமா வண்டு 1984 இல் பெங்களூரில் விடப்பட்டது. மழைக்காலத்தில் அது இலைகளை மொட்டையடிக்கும். வறட்சியில் மண்ணுக்குள் உறங்கும். செடி இன்றும் இங்கேயே இருக்கிறது. மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் பெங்களூர் மாணவர் ஒருவர் தம் முதல் ஆகஸ்டிலேயே ராக்வீட் காற்றில் தும்மத் தொடங்கினால், அதற்குரிய எதிர்ப்பொருளை அவர் இங்கிருந்தே கொண்டு சென்றிருக்கக் கூடும்.