பன்றிக்குட்டியை வளர்த்த கை

நாய்க்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சினால் அதற்குப் பெயர் பாசம். ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் அதற்குப் பெயர் பரிவு. பன்றிக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டால்? கட்டுமாவடியில் கேளுங்கள், மணமேல்குடியில் கேளுங்கள், தமிழ்நாட்டின் எந்த ஊர்த் தெருவில் வேண்டுமானாலும் கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். அடுத்து, "எந்த ஆளுங்க?" என்று கேட்பார்கள். குட்டியைப் பற்றிக் கேட்ட கேள்விக்குச் சாதியைப் பற்றிய கேள்வி பதிலாக வருகிறது. இந்தப் பதிலுக்கு ஒரு வரலாறு உண்டு.

நம் மொழியின் பழைய இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களை வகைப்படுத்துகிறது. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிகளுக்கும் 'குருளை' என்ற ஒரே பெயரைத் தருகிறது. புலிக்கு ஒரு மதிப்பு, பன்றிக்கு ஒரு மதிப்பு என்ற பாகுபாடு அந்தப் பெயரில் இல்லை.

கட்டுமாவடி பாக் நீரிணைக் கரையில் உள்ள ஊர். கடற்கரையோடு வடக்கே போனால் காவிரிப்பூம்பட்டினம் வரும். அந்தப் பட்டினத்தைப் பாடிய பட்டினப்பாலை, பரதவர் வாழ்ந்த புறச்சேரியையும் காட்டுகிறது. குட்டிகளோடு திரியும் பன்றிகள், கோழிகள், உறைகிணறுகள், ஆட்டுக்கடாக்கள் என்று அந்தக் குடியிருப்பு விரிகிறது. அருவருப்பு தொனிக்கும் ஒரு சொல்கூட அங்கே இல்லை. மீன்பிடிக்கும் மக்களின் வாசலில் கோழி திரிவதுபோலப் பன்றியும் திரிகிறது, அவ்வளவுதான்.

அதே புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இன்னும் நெருக்கமாக ஒரு காட்சியைத் தருகிறது. நீர்ப்பெயற்று என்ற துறைமுக ஊர். கள் காய்ச்சும் பெண்கள் கலங்களைக் கழுவிக் கொட்டிய சேற்றில் பன்றிகள் புரளுகின்றன. ஓர் ஆண் பன்றியை மட்டும் பெண் பன்றிகளோடு சேரவிடாமல் குழிக்குள் நிறுத்தி, நெல் மாவைத் தீனியாகக் கொடுத்துப் பல நாள் வளர்க்கிறார்கள். அந்தக் கொழுத்த இறைச்சியைக் கள்ளோடு விருந்தாகத் தருவார்கள் என்று பாணனிடம் சொல்கிறது பாட்டு. என்ன தீனி, எத்தனை நாள், எப்படிப் பிரித்து வைப்பது என்பதெல்லாம் தெரிந்த ஒரு வளர்ப்பு முறை இது. வந்த விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதையாகவும் இருந்திருக்கிறது.

அப்படியானால் இடையில் என்ன நடந்தது? பன்றி மாறவில்லை. உணவை வைத்து மனிதர்களை மேல், கீழ் என்று அடுக்கும் முறை வலுத்தது. தீண்டாமைக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் மாட்டிறைச்சியை வைத்து விளக்கினார். பன்றியையும் அதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். ஏனென்றால் இங்கே பன்றி மட்டும் ஒதுக்கப்படவில்லை. திருமால் பன்றியானால் அது வராக அவதாரம். திருவிளையாடல் புராணத்தில் சிவன் தாய்ப்பன்றியாகி 12 குட்டிகளுக்குப் பால் கொடுக்கிறார். அந்தக் குட்டிகள் வளர்ந்து பாண்டியனுக்கு மந்திரிகளாகவும் ஆகின்றன. புராணத்துப் பன்றி கும்பிடப்படுகிறது. சேரியில் பன்றி வளர்ப்பவர் மட்டும் ஊருக்குள் வரக்கூடாது.

பன்றி இறைச்சியை விலக்கும் இசுலாமியர்களும் நம் கடற்கரையில் வாழ்கிறார்கள். அது தன் தட்டில் எது இருக்கலாம் என்று ஒருவர் தனக்கு விதித்துக்கொண்ட மார்க்க நெறி. அடுத்தவர் தட்டைப் பார்த்து அவர் பிறப்பை அளப்பது சாதி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

ஒடுக்கப்பட்டவர்கள் ஏன் பன்றி வளர்த்தார்கள்? மாடு வளர்க்க வைக்கோல் வேண்டும், மேய்ச்சல் நிலம் வேண்டும். இரண்டும் நிலம் வைத்திருப்பவர்களிடம் இருந்தன. பன்றிக்குத் தவிடும் கழுநீரும் மிச்சச் சோறும் போதும். 114 நாள் சினை. ஓர் ஈற்றுக்கு எட்டு, பத்துக் குட்டிகள். இரண்டு மாதத்தில் குட்டி பால் மறந்துவிடும். சோளக்கொல்லையோ வயலோ இல்லாத வீட்டில், பிள்ளையின் படிப்புக்கும் கல்யாணச் செலவுக்கும் கைகொடுத்த சேமிப்பு அதுதான். மெலிந்த குட்டியை வீட்டுக்குள் தூக்கி வந்து, கஞ்சி ஊட்டி, பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்த்தவர்கள் அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். கழிப்பறை இல்லாத ஊர்களில் பன்றி மலத்தைத் தின்றது. அந்த மலத்தை அள்ளும் வேலையும் சாதியின் பெயரால் சிலர் தலையில் கட்டப்பட்டது. ஊர் செய்த அசுத்தம் பன்றியின் குணமாகவும், பன்றியின் குணம் அதை வளர்த்தவரின் குணமாகவும் பேசப்பட்டது.

ஆங்கிலேய ஆட்சி இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. இடம் விட்டு இடம் போய்ப் பிழைத்த குறவர் பிரிவுகள் அதன்கீழ் கொண்டுவரப்பட்டன. இங்கே அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம், அனுமதி இல்லாமல் நகருக்குள் பன்றி வளர்க்கக் கூடாது என்றது. சுகாதாரம் தேவைதான். ஆனால் பன்றியை வெளியேற்றிய நகரங்கள், அதை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலையோ, பட்டி போட ஒரு துண்டு நிலத்தையோ யோசித்தனவா?

இன்று அதே அரசு பன்றி வளர்ப்பை ஊக்குவிக்கிறது. காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் வெண்பன்றி வளர்ப்பு கற்றுத் தரப்படுகிறது. 2021இல் மாற்றியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம், 100 பெண் பன்றியும் 10 ஆண் பன்றியும் கொண்ட பண்ணைக்கு 50 விழுக்காடு மூலதன மானியத்தை, 30 லட்சம் ரூபாய் உச்சவரம்போடு அறிவித்தது. கொட்டகை கட்ட நிலமும் வங்கிக் கடனும் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் அது எட்டும். வெண்பன்றியைப் பண்ணையில் வைத்தால் தொழில்முனைவோர். கரும்பன்றியைக் கொல்லைப்புறத்தில் வளர்த்தால் பழைய வசைதான்.

இந்த வசையைத் திரையில் எதிர்கொண்டவர்களும் இருக்கிறார்கள். நாகராஜ் மஞ்சுளேவின் மராத்திப் படம் 'ஃபன்றி' (2013), ஊருக்காகப் பன்றி பிடிக்கும் கட்டாயத்துக்கு ஆளான சிறுவனின் அவமானத்தைச் சொன்னது. மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023) பன்றி வளர்ப்பவனையே கதாநாயகனாக்கியது. எதிரே நிற்பவன் பந்தய நாய் வளர்ப்பவன். எந்த விலங்கு யார் கையில் இருந்தால் கௌரவம் என்ற கேள்வியை அந்தப் படம் வெகுமக்களிடம் கொண்டுபோனது.

நம் கோரிக்கைகள் எளிமையானவை. இரண்டு, மூன்று பன்றி வளர்க்கும் நிலமற்ற குடும்பங்களுக்கும் மானியம் வேண்டும். பட்டா கேட்காமல் ஊராட்சி நிலத்தில் பொதுக் கொட்டகை வேண்டும். கோமாரிக்கு முகாம் போடுவதுபோல் பன்றிக் காய்ச்சலுக்கும் தடுப்பூசி முகாம் வேண்டும். வளர்க்க விரும்பாத பிள்ளைகள் அந்தத் தொழிலை விட்டு வெளியேற உரிமையும் வழியும் வேண்டும். நெல் மாவு ஊட்டிப் பன்றி வளர்த்ததைப் பெருமையோடு பாடிய மொழி இது. அதே மொழியில் 'பன்றி மேய்க்கிறவன்' என்பதை வசையாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.