வக்கீல் கெடுவை விட்டுட்டா வழக்கு போயிடுமா? சிவில் வழக்கில் நடப்பது என்ன?

"எல்லாத்தையும் வக்கீல் பாத்துப்பாரு" - சிவில் வழக்கில் சிக்கிய பலரும் சொல்வது இதுதான். ஆனால் அவர் ஒரு கெடுவைத் தவறவிட்டால், பறிபோவது உங்கள் வீடாகவோ நிலமாகவோ இருக்கலாம்.

எத்தனை நாள் கெடு?

உங்கள் மேல் ஒருவர் வழக்கு போட்டால், சம்மன் கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதிலுரை தாக்கல் செய்யணும். தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் 90 நாள் வரை அனுமதிக்கலாம். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடர்ந்த வழக்கில், மிக அரிதான சூழலில் 90 நாளுக்குப் பிறகும் பதிலுரையை ஏற்கலாம் என 2005-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

வணிக வழக்குகளில் அந்தச் சலுகை இல்லை. 120 நாள் தாண்டினால் பதிலுரை தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும்.

தவறினால் என்ன ஆகும்?

* பதிலுரை இல்லை என்றால், எதிர்த்தரப்பு சொல்வதை வைத்தே தீர்ப்பு வரலாம். விசாரணைக்கும் யாரும் ஆஜராகாவிட்டால் 'எக்ஸ்பார்ட்டி', அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு.
* பத்திரம், ரசீது போன்றவற்றை உரிய நேரத்தில் கொடுக்காவிட்டால், பிறகு நீதிமன்ற அனுமதி இல்லாமல் காட்ட முடியாது.
* வழக்கு போட்டவர் தரப்பு வராமல், எதிர்த்தரப்பு மட்டும் வந்தால் வழக்கு தள்ளுபடி ஆகும். அதே காரணத்துக்குப் புது வழக்கு போட முடியாது. பழைய வழக்கை மீட்கத்தான் மனு போடணும்.

மீட்க வழி இருக்கா?

இருக்கு. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கோரி, தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் மனு போடலாம். சம்மனே முறையாக வரவில்லை என்றால், தீர்ப்பு பற்றித் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதுவும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போடணும். செலவுத்தொகை கட்டச் சொல்லி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம்.

வக்கீல் தப்புக்கு நான் ஏன் பலியாகணும்?

வக்கீலின் தவறால் அப்பாவிக் கட்சிக்காரர் பாதிக்கப்படக் கூடாது என்று 1981-ல் ரபீக் - முன்ஷிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வருஷக்கணக்கில் வழக்கை எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, பழியை வக்கீல் மேல் போட்டால் நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை.

வக்கீல் மேல் பார் கவுன்சிலில் புகார் தரலாம். சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடும் கேட்கலாம். நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்பவே செய்ய வேண்டியது

* வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை வக்கீலிடம் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி, வழக்கு நிலை தெரியும்.
* "பதிலுரை போட்டாச்சா?" என்று வாயால் கேட்டால் போதாது. தாக்கல் செய்த நகலை வாங்குங்கள்.
* வக்கீலுக்கு அனுப்பிய மெசேஜ்களை அழிக்காதீர்கள். நீங்கள் அக்கறையாக இருந்ததற்கு அதுதான் சாட்சி.
* கெடு தவறியது தெரிந்தால் அன்றே அடுத்த மனுவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.