வைக்கோலும் தாய்ப்பாலும்: வெள்ளாற்று வடிநிலப் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வுகளின் வரலாறு (1987–2007)

வயலில் தெளித்த பூச்சிமருந்து பின்னர் எங்கே செல்கிறது? பசுமைப் புரட்சிக்குப் பிந்தைய தமிழக வேளாண்மை பற்றிய வரலாற்றெழுத்தில் விளைச்சலுக்கும் நீருக்கும் கடனுக்கும் கிடைத்த இடம் இவ்வினாவிற்குக் கிடைக்கவில்லை. இவ்வினாவை அளந்து விடைகாண முற்பட்டவர்கள் வேளாண் அறிஞர்களோ வரலாற்றாசிரியர்களோ அல்லர். பரங்கிப்பேட்டையின் கடல் உயிரியலாளர்கள். அவர்களுள் அண்ணாமலை சுப்பிரமணியனின் ஆய்வுப் பணியை மையமாகக்கொண்டு, 1980களின் இறுதியில் தொடங்கிய எச்ச ஆய்வுகள் எதை நிறுவின, எதை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், பேராசிரியர் ஆர்.வி.சேஷய்யாவின் முயற்சியால் வெள்ளாற்றுக் கழிமுகத்தில் உருவான ஆய்வு நிலையத்தின் தொடர்ச்சியாகும். சேலம் மாவட்ட மலைப்பகுதியில் தோன்றும் வெள்ளாறு, நெல்வயல்கள் நிறைந்த சமவெளியைக் கடந்து பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலில் கலக்கிறது. வயலில் இட்டதெல்லாம் ஆற்றின் வழியே கடலுக்கு வரும் என்று கருதினால், அதனைக் காத்திருந்து அளக்க இதனினும் ஏற்ற இடம் அமைவது அரிது. ஆனால் அளவீடுகள் இக்கருத்தைப் பொய்யாக்கின.

மாட்சுயாமா தொடர்பு

எகிமே பல்கலைக்கழகம் ஜப்பானின் சிகோகு தீவிலுள்ள மாட்சுயாமா நகரில் அமைந்துள்ளது. அங்கு ரியோ தட்சுகாவா, ஷின்சுகே தனாபே ஆகியோர் வளர்த்த ஆய்வு மரபுக்கு அந்நாட்டின் கசப்பான பட்டறிவே அடித்தளம். 1968இல் மேற்கு ஜப்பானில் பி.சி.பி. கலந்த தவிட்டெண்ணெயை உண்ட மக்கள் நோயுற்றனர். 'யூஷோ' என்று அந்நோய் பெயர்பெற்றது. அதே காலத்தில் நெல்வயலில் இட்ட பி.எச்.சி., வைக்கோல் வழியே கறவை மாடுகளின் பாலை அடைந்ததும் அங்குக் கண்டறியப்பட்டது. 1971இல் டி.டி.டி., பி.எச்.சி. ஆகியவற்றின் வேளாண் பயன்பாட்டை ஜப்பான் நிறுத்தியது. நெல், வைக்கோல், மாடு, பால் என்னும் இச்சங்கிலி தமிழகத்திற்கும் அயலானதன்று.

1980களில் சுப்பிரமணியன் எகிமே குழுவினருடன் ஆராய்ந்தது வடபசிபிக் கடலின் டால் கடற்பன்றிகளை. இவை ஓங்கிலுக்கு நெருங்கிய பாலூட்டிகள். ஆண் விலங்குகளின் உடற்கொழுப்பில் வயது ஏறஏறக் கரிமக் குளோரின் நஞ்சுகள் மிகுகின்றன. பெண் விலங்குகள் தம் சுமையின் ஒரு பகுதியைப் பாலின் வழியே கன்றுக்கு மாற்றிவிடுகின்றன. 1987இல் வெளியான கட்டுரையொன்று, ஆண் கடற்பன்றிகளின் குருதியில் டெஸ்டோஸ்டிரோன் குறைவதை பி.சி.பி., டி.டி.இ. ஆகியவற்றோடு தொடர்புபடுத்தியது. நஞ்சின் இருப்பை மட்டுமன்றி உடலியக்கத்தில் அதன் விளைவையும் காட்ட முற்பட்டமையால் இக்கட்டுரை அவருடைய பணியில் தனித்து நிற்கிறது. பாலை நஞ்சின் வழித்தடமாகக் காணும் பார்வை கடற்பன்றி ஆய்விலேயே தெளிவாக உருப்பெற்றுள்ளது. அடுத்த சில ஆண்டுகளில் அதே குழு வெள்ளாற்றுச் சமவெளித் தாய்மாரின் பாலை ஆராய்ந்தது.

காற்றில் கரைந்த மருந்து

உழவர் வழக்கில் 'பி.எச்.சி. தூள்' எனப்பட்ட பொருள், ஹெக்சாகுளோரோசைக்ளோஹெக்சேன் என்னும் சேர்மத்தின் பல மாற்றியங்கள் கலந்த கலவை. அவற்றுள் பூச்சியைக் கொல்லும் ஆற்றல் காமா மாற்றியத்திற்கே உண்டு. கலவையில் அதன் பங்கு ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு. எஞ்சிய பெரும்பகுதி, விலை மலிவு என்ற காரணத்தால் பயனின்றி வயலில் கொட்டப்பட்டது எனலாம். 5 முதல் 12 விழுக்காடு வரையிலான பீட்டா மாற்றியமோ எளிதில் சிதைவதில்லை. கொழுப்பில் தங்கி நெடுங்காலம் நிற்கிறது.

அ.ரமேஷ், தனாபே, தட்சுகாவா, சுப்பிரமணியன், மோகன், வேணுகோபாலன் உள்ளிட்டோர் பரங்கிப்பேட்டைக் காற்றிலும் (1989), வெள்ளாற்று நீரிலும் (1990), நெல்வயல் மண்ணிலும் ஆற்றுப் படிவுகளிலும் (1991) பருவந்தோறும் எச்சங்களை அளந்தனர். நெற்பயிர்ப் பருவத்தில் காற்றில் எச்.சி.எச். அளவு உயர்ந்தது. அவ்வளவு மருந்து தெளித்தும் மண்ணிலும் படிவிலும் தங்கியதோ குறைவு. 1991இல் தகெயோகா முதலானோர் வெளியிட்ட கணக்கீடு இம்முரணை விளக்கியது: இட்ட எச்.சி.எச்.சில் 99.6 விழுக்காடு காற்றில் கலக்கிறது; 0.4 விழுக்காடு மட்டுமே கழிமுகத்தை அடைகிறது. அவ்வாறு வந்ததிலும் பெரும்பகுதி கடலைச் சேருமுன் ஆவியாகிறது.

இம்முடிவை இருவகையாக வாசிக்க இயலும். வெப்பமண்டல மண் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது என்ற ஆறுதல் வாசிப்பு ஒன்று. மண்ணையும் நீரையும் மட்டும் சோதித்து 'எச்சம் குறைவு' என அறிக்கை தருபவர் இதற்கு எளிதில் இரையாவர். 1993இல் இவாட்டா முதலானோர் வெளியிட்ட கடல்சார் ஆய்வு மற்றொரு வாசிப்பைத் தந்தது. எச்.சி.எச். வெப்பமண்டலத்தில் ஆவியாகிக் காற்றோட்டத்தால் வடக்கே சென்று குளிர்ந்த கடல்களில் படிகிறது. வெள்ளாற்று வயலின் 'தூய்மை' வேறொரு கடலின் மாசாக மாறியிருந்தது.

நெல்வயலில் தேங்கிய நீரும் வெயிலும் ஆவியாதலை விரைவுபடுத்தும் சூழலில் பெற்ற எண் இது. இராசபாளையம், சோழபுரம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கண்மாய்ப் பாசன நெல்லும் மானாவாரிப் பருத்தியும் அடுத்தடுத்து உள்ளன. அத்தகைய நிலங்களுக்கு, குறிப்பாக நீர் தேங்காத பருத்திக் காட்டிற்கு, 99.6 என்பதை அப்படியே எடுத்தாள்வது பொருந்தாது. 'தமிழக மண்' என்று ஒற்றைச் சொல்லில் பேசும் கட்டுரைகள் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றன.

பாலின் சான்று

1990இல் தென்னிந்தியத் தாய்ப்பால் பற்றிய கட்டுரை வெளிவந்தது. தொழில்வள நாடுகளின் தாய்ப்பாலில் பி.சி.பி. மிகுந்திருக்க, இங்கு டி.டி.டி.யும் எச்.சி.எச்.சும் மிகுந்திருந்தன, பி.சி.பி. குறைவு. காற்றில் போய்விட்டதாகக் கணக்கிடப்பட்ட மருந்தின் நீங்காத பகுதி தாயின் கொழுப்பில் இருந்தது. அது எவ்வழியே வந்தது என்பதற்கு 1992இல் கு.கண்ணன், தனாபே, ரமேஷ், சுப்பிரமணியன், தட்சுகாவா ஆகியோர் வெளியிட்ட உணவுப் பொருள் ஆய்வு விடை தந்தது. இந்தியர் ஒருவர் உணவின் வழி நாளொன்றுக்கு உட்கொள்ளும் எச்.சி.எச். 115 மைக்ரோகிராம், டி.டி.டி. 48 மைக்ரோகிராம் என்று அது மதிப்பிட்டது. பாலும் பால்பொருள்களும் முதன்மை வாயில்களாக இருந்தன. சோறும் காய்கறியும் மிகுதியாக உண்ணும் மக்களிடையே கால்நடைக் கொழுப்பு இப்பங்கை வகித்தது.

கடற்பன்றி ஆய்வு ஒரு விளைவை அளந்தது. வெள்ளாற்று ஆய்வுகள் உட்கொண்ட அளவையே அளந்தன. இன்ன தாய்க்கு, இன்ன குழந்தைக்கு இன்ன நோய் என்று அவை கூறவில்லை. அவற்றை நோய்க்கான நேரடிச் சான்றாக மேற்கோள் காட்டுவது ஆய்வாளர்கள் சொல்லாததைச் சொல்வதாகும். உலக நலவாழ்வு நிறுவனம் இத்தகைய எச்சங்களை அறிந்தே தாய்ப்பாலூட்டலைத் தொடர்ந்து பரிந்துரைக்கிறது.

மாதிரிகள் பரங்கிப்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் சேகரிக்கப்பட்டன. நுண்ணிய வாயு வண்ணப்பிரிகைப் பகுப்பாய்வின் மையம் மாட்சுயாமா. காற்றைப் பிடிப்பதும், பருவம் பார்த்து மண்ணெடுப்பதும், தாய்மாரிடம் பேசிப் பால் பெறுவதும் உள்ளூர் அறிவின்றி நடந்திருக்க முடியாத பணிகள். அறிவியல் வரலாறு கருவி இருந்த இடத்தை நினைவில் கொள்ளும் அளவிற்கு மாதிரி எடுத்த இடத்தைக் கொள்வதில்லை. இவ்வலையத்தின் அறிஞர் சிலர் உலக அளவில் தடம் பதித்தனர். உணவுப்பொருள் ஆய்வின் முதலாசிரியரான கண்ணன், பின்னாளில் ஜான் கீசியுடன் இணைந்து பி.எப்.ஓ.எஸ். என்னும் புளோரின் சேர்மம் உலகெங்கும் வனவிலங்குகளில் பரவியிருப்பதை 2001இல் வெளிப்படுத்தினார்.

வேளாண்மையில் டி.டி.டி.க்கு 1989இலும், பி.எச்.சி.க்கு 1997 ஏப்ரல் முதலும் இந்தியா தடைவிதித்தது. தாய்ப்பால் கட்டுரைக்கும் பி.எச்.சி. தடைக்கும் இடைவெளி ஏழாண்டுகள். அக்கட்டுரைதான் தடையைக் கொணர்ந்தது எனக் கொள்ள இவ்வாண்டு வரிசை மட்டும் போதாது. தடைக்குப் பின்னும் பீட்டா மாற்றியம் உடலில் நிற்கும் என்பதற்கு அதன் வேதியியலே போதும். நிலைத்த கரிம மாசுகள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2004இல் நடைமுறைக்கு வந்தது. ஆல்ஃபா, பீட்டா, காமா மாற்றியங்கள் 2009இல் அதன் பட்டியலில் சேர்ந்தன.

அதற்குள் சுப்பிரமணியனின் பணி நகர்ப்புறத்தை அடைந்திருந்தது. அவர் முதலாசிரியராக 2007இல் வெளியிட்ட கட்டுரை, சென்னைத் தாய்மாரின் பாலில் கரிமக் குளோரின் சேர்மங்கள் உயர்ந்திருப்பதைத் தலைப்பிலேயே கூறியது. 2004இல் குனிசுவே முதலானோர் ஆசியக் குப்பைமேடுகளைச் சூழ்ந்து வாழும் தாய்மாரின் பாலில் டையாக்சின்களை ஆராய்ந்தபோது, பெருங்குடிக் குப்பைமேட்டருகே வாழ்ந்தோரிடம் அவை மிகுந்திருந்தன. இதற்குரிய வழியாக அவர்கள் சுட்டியதும் பசும்பாலே. அம்மாடுகள் மேய்ந்தது வயலின் வைக்கோலையன்று, எரியும் குப்பைக்கு அருகே.